ஏன் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்காத பாட்டு

ஆறு நிமிடத்தில் எழுதியதாம். முப்பத்தைந்து நிமிடத்தில் முதல் பதிவும் முடிந்துவிட்டதாம். 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இந்தக் கணக்கும் கூடவே வரும். '3' படத்தின் இயக்குநர் ஐஸ்வர்யா, காதலில் தோற்ற பையன் பாடுவதுபோல் ஒரு பாட்டு வேண்டும் என்றார். முதல் படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்த அனிருத் சட்டென்று ஒரு மெட்டைப் போட்டார். தனுஷ் வாய்க்கு வந்த ஆங்கிலச் சொற்களைக் கோத்துப் பாடினார். 2011 நவம்பர் 16 அன்று சோனி மியூசிக் அதை யூடியூபில் ஏற்றியது. சில வாரங்களில் கோடிக்கணக்கானோர் கேட்டுவிட்டார்கள். எவ்வளவு எளிமை, எவ்வளவு திறமை என்று வியப்பதற்காகத்தான் இந்தப் பிறப்புக் கதையைச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு வாக்குமூலம்போலக் கேட்கிறது.

ஆறு நிமிடத்தில் யாரும் எதையும் புதிதாக யோசிப்பதில்லை. திடீரென்று விருந்தாளி வந்து நின்றால் கைக்கு எட்டுகிற டப்பாவைத்தான் திறப்போம். பரண்மேல் இருப்பதை இறக்கிக்கொண்டிருக்க மாட்டோம். அப்படிக் கைக்கு எட்டியது என்ன? பெண்ணுக்குத் தோல் வெள்ளை, மனசு கருப்பு. அவளால் பையனின் வாழ்க்கை பாழ். அவன் கையில் கோப்பை, கண்ணில் கண்ணீர். அவன் செத்துக்கொண்டிருக்கிறான், அவள் சந்தோஷமாக இருக்கிறாள். தமிழ்நாட்டுப் பையன் ஒருவனிடம் காதல் தோல்வி என்று சொன்னால் ஆறு நிமிடத்துக்குள் நாக்கு நுனிக்கு இதெல்லாம் வந்துவிடுகிறது என்றால், நாக்கு நுனியிலேயே இது இத்தனை நாளாக இருந்திருக்கிறது. எழுத எவ்வளவு குறைவான நேரம் ஆனதோ, அவ்வளவு அதிக காலமாக அது ஊறிக் கிடந்திருக்கிறது.

ஊறிக் கிடந்ததற்குச் சான்று வேண்டுமா? அதே 2011 ஏப்ரலில் 'வானம்' படம் வந்தது. உன்னைப் பெற்றவன் எவன் என்று ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அதில் இருந்தது. கொலவெறி வெளியாகி ஒன்பதே நாளில், நவம்பர் 25 அன்று, 'மயக்கம் என்ன' வந்தது. காதலித்தவளை அடிக்கவும் உதைக்கவும் சொல்லி ஆண்கள் கும்மாளமிடும் பாட்டு அதில் இருக்கிறது. அதைப் பாடியவர்கள் தனுஷும் செல்வராகவனும். ஏறக்குறைய அதே காலத்தில் எங்கள் கோயம்புத்தூரிலிருந்து ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'கிளப்புல மப்புல' கிளம்பியது. பெண் குடித்தால் தமிழ்ப் பண்பாடு கெட்டுப்போகும் என்பது அதன் கவலை. பையன் குடித்தால் அது சோகம், 'சூப் சாங்'. பெண் குடித்தால் அது சீரழிவு, எச்சரிக்கைப் பாட்டு. ஒரே கோப்பைக்கு இரண்டு நியாயம். இந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் ஒருவரையொருவர் கேட்டு எழுதவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

பாட்டைப் பற்றிய இரண்டாவது கதை, அது தானாகக் கசிந்தது என்பது. முடிவடையாத பதிவு ஒன்று எப்படியோ இணையத்தில் வெளியாகிவிட்டது, வேறு வழியில்லாமல் முறைப்படி வெளியிட்டோம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் நான்கு ஆண்டு கழித்து, 2015 டிசம்பரில், இதே கதையை வேறொரு பாட்டுக்கும் கேட்டோம். சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த மாதத்தில் 'பீப் சாங்' வந்தது. தனிப்பட்ட முறையில் செய்து வைத்தது, முடிக்காதது, யாரோ திருடி வெளியிட்டுவிட்டார்கள் என்றார் சிம்பு. எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார் அனிருத். கோவையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்துப் பெண்கள் விடவில்லை. காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தார்கள். பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிவானது. கொங்கு நாட்டுப் பெண்கள் செய்த அந்தக் காரியத்தை நான் இன்றும் பெருமையாகவே நினைக்கிறேன்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யோசிக்காமல் எழுதியது, யாரும் வெளியிடாமல் வெளியானது. அதாவது, பெண்ணை ஏசும் பாட்டுக்குத் தகப்பன் கிடையாது. புகழும் பணமும் வரும்போது மட்டும் பிள்ளைக்கு உரிமை கொண்டாட ஆள் வந்துவிடுகிறது. மலையாளத்தில் 2017ஆம் ஆண்டு, ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு, நடிகர் பிருத்விராஜ் தாம் நடித்த படங்களில் பெண்களை இழிவுபடுத்தும் வசனம் பேசிக் கைதட்டல் வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்டார். இனிச் செய்யமாட்டேன் என்றார். என் வாயிலிருந்து வந்தது என்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள ஆறு நிமிடம்கூடத் தேவையில்லை என்று அப்போது தெரிந்தது.

பீப் பாட்டில் கெட்ட வார்த்தை இருந்தது, அதனால் சட்டம் வந்தது. கொலவெறியில் கெட்ட வார்த்தை இல்லை. குழந்தைகள் பாடினார்கள், கோயில் திருவிழாக் கச்சேரியில் பாடினார்கள், கல்யாண மண்டபத்தில் பாடினார்கள். 2011 டிசம்பர் இறுதியில் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பான் பிரதமருக்கு அளித்த விருந்துக்குத் தனுஷ் அழைக்கப்பட்டார். வார்த்தையை மறைக்கலாம், எண்ணத்தின்மேல் பீப் போட முடியாது. நம் சட்டமும் நம் வீட்டுப் பெரியவர்களும் ஆபாசத்துக்குக் கோபப்படுவார்கள், அலட்சியத்துக்குக் கோபப்பட மாட்டார்கள். நாம் இரண்டாவதற்குத்தான் கூடுதலாகக் கோபப்பட வேண்டும். முதலாவது ஊர் ஏசும் சொல். இரண்டாவது ஊரே சேர்ந்து பாடும் சொல்.

மூன்றாவது கதை, அந்தப் பாட்டுக்கு அர்த்தமே இல்லை, சும்மா விளையாட்டு என்பது. அப்போது நடந்த சண்டைகளை நினைத்துப் பாருங்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் மெட்டும் மட்டம், பாடியதும் மட்டம், சொற்கள் ரசனைக்கே அவமானம் என்றார். இங்கே தமிழைக் கொன்றுவிட்டார்கள் என்று பெரியவர்கள் வருந்தினார்கள். ஆங்கிலத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று சிலர் சிரித்தார்கள். எந்த மொழி செத்தது என்பதுதான் வழக்கு. அந்தப் பாட்டில் வரும் பெண்ணுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

அர்த்தம் இல்லை என்றால் தலைப்பையாவது படிப்போம். நான்கு சொல். இரண்டு ஆங்கிலம், இரண்டு தமிழ். ஆங்கிலத்தில் சொல்லித் தீராதவை என்பதால் தமிழில் நின்றவை 'கொலவெறி'யும் 'டி'யும். 'டி' அவளை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'கொலவெறி' யாருடையது என்று கவனியுங்கள். அவனுடையது இல்லை. அவளுடையது! ஏனடி இந்தக் கொலைவெறி என்று அவளைப் பார்த்துக் கேட்கிறான். அவள் செய்தது என்ன? விலகிப் போனாள். ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் கொலைவெறி.

நம் மண்ணில் கொலைவெறி யாரிடம் இருந்தது என்பதற்குத் தேதியோடு கணக்கு இருக்கிறது. பாட்டு வந்து ஓராண்டு ஆனபோது, 2012 நவம்பரில், காரைக்காலில் ஒரு மென்பொறியாளர் மீது ஆசிட் வீசினான், அவர் மறுத்த ஒருவன். மூன்று மாதம் துடித்து 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குக் கிளம்பிய பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒருதலைக் காதல் என்றது காவல்துறை. அதே ஆண்டு ஆகஸ்டில், நம் கரூரில், பொறியியல் கல்லூரி வகுப்பறைக்குள்ளேயே ஒரு மாணவி கட்டையால் அடித்துக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலின் முன்னால் தள்ளப்பட்டார். பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை; பாட்டு கத்தி எடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஊர் முதலில் கேட்டது 'அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சோ' என்பதுதான். அந்தக் கேள்வியை ஊருக்குப் பழக்கிக் கொடுத்தவற்றில் பாட்டுக்கும் பங்கு உண்டு. பொள்ளாச்சியில் 2019இல் அத்தனை கொடுமை வெளிவந்தபோதும், ஏன் காரில் ஏறினாள் என்றுதான் டீக்கடையில் பேசினார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தக் காரில் ஏறிய பெண்கள் சாட்சி சொல்ல வந்ததால்தான் அது நடந்தது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. '3' படத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்தில் பையனை ஏமாற்றிவிட்டுப் போகும் பெண் யாருமே இல்லை. ஸ்ருதிஹாசன் நடித்த ஜனனி, குடும்பத்தோடு அமெரிக்கா போக மறுத்துத் தன் பாஸ்போர்ட்டையே எரித்துவிட்டு அவனைக் கட்டிக்கொள்கிறாள். மனநோயை அவளிடமிருந்து மறைத்தவன் அவன். தற்கொலை செய்துகொண்டு அவளைத் தனியாக விட்டுப் போனவனும் அவன். கதைக்குள் இருக்கும் பெண் எல்லாவற்றையும் கொடுத்தவள். கதைக்கு வெளியே உலகம் முழுக்கச் சுற்றிய பாட்டில் இருக்கும் பெண் கருப்பு மனசுக்காரி. உண்மையில் இருக்கும் பெண்ணைப் பற்றிப் பாட ஆறு நிமிடம் போதாது. இல்லாத பெண்ணைத் திட்ட அது தாராளம்.

நான் அப்போது அவிநாசியிலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸில் போய் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். திருமுருகன்பூண்டி தாண்டி அனுப்பர்பாளையம் வருவதற்குள் அந்தப் பாட்டு இரண்டு தரம் ஓடிவிடும். மெட்டு நல்ல மெட்டு. ஒன்றரை ஷிப்டு நின்ற காலும் தாளம் போடத்தான் செய்யும். எங்களோடு வந்த ஒரு பெண்ணும், கட்டிங்கில் இருந்த ஒரு பையனும் பழகினார்கள். சாதி வேறு. ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நாற்பது நாளுக்குள் அவளுக்கு மாமன் மகனோடு கல்யாணம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. பையன் தாடி விட்டான், டாஸ்மாக் போனான். 'பாவம்டா' என்று கூட இருந்தவர்கள் பங்கு போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். அவனுக்காகவே பஸ்ஸில் அந்தப் பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். அவளைப் பாவம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. 'பணக்கார மாப்பிள்ளை கிடைச்சதும் போயிட்டா' என்பதோடு அவள் கதை முடிந்தது.

இரண்டு வருடம் கழித்து அவிநாசித் தேரில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நான் எதுவும் கேட்கவில்லை, அவளேதான் சொன்னாள்: "நானாப் போகலீங்க்கா. செல்லைப் புடுங்கிட்டு கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவனைப் பார்த்தேன்னா அவனை என்ன பண்ணுவோம்னு எங்க பெரியப்பன் சொன்னாருங்க. அவன் உசுரோட இருக்கறானல்லங்க்கா, அது போதும்." அவ்வளவுதான். குழந்தைக்குப் பலூன் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அவள் பயந்தது வீண் பயமா? உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடந்ததை நாடே பார்த்தது. தலித் இளைஞர் சங்கரைக் காதலித்துக் கட்டிக்கொண்ட கௌசல்யாவின் கண்முன்னே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார், கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அவர் சரி என்று சொன்னவர். நுங்கம்பாக்கத்திலும் கரூரிலும் பரங்கிமலையிலும் செத்தவர்களோடு அவரை வைத்துப் பாருங்கள். பெண் இல்லை என்றால் வெளியே இருப்பவனுக்குக் கொலைவெறி. பெண் சரி என்றால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொலைவெறி. இதற்கு நடுவில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் நின்றுகொண்டு, யார் உயிரை எப்படிக் காப்பாற்றுவது என்று கணக்குப் போடுகிறாள். சில சமயம் அந்தக் கணக்கின் விடை விலகிப் போவது. அந்த விடையைப் பார்த்துத்தான் பையன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஏன் என்று பாடுகிறான்.

என் குற்றச்சாட்டு இதுதான். அந்தப் பாட்டின் தலைப்பே ஒரு கேள்வி. ஆனால் அது பதிலுக்கு ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. அவள் ஏன் போனாள்? அப்பாவா, சாதியா, செல்லைப் பிடுங்கிக்கொண்டார்களா, இல்லை, அவனையே பிடிக்காமல் போய்விட்டதா? அப்படிப் பிடிக்காமல் போனால் அதுவும் ஒரு நல்ல காரணம்தான், அதற்கு மேல் காரணம் சொல்ல அவள் கடமைப்பட்டவள் அல்ல. இதில் எதுவும் பாட்டுக்கு வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால் சோகம் கோபமாக மாறி, போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும்: அவளுடைய பெரியப்பனிடம், ஊர்க் கவுரவத்திடம், சாதிச் சங்கத்திடம். அது ஆபத்தான பாட்டு. அதைவிட அவளைத் திட்டுவது வசதி. ஆண்பிள்ளைகளின் கோபத்தை அதிகாரத்தின் பக்கம் போகவிடாமல் பெண்ணின் பக்கம் திருப்பிவிடுவதுதான் சூப் பாட்டின் வேலை.

முன்னாலும் காதலில் தோற்றவர்கள் பாடவில்லையா என்று கேட்பீர்கள். பாடினார்கள். 1953இல் தமிழிலும் வந்த 'தேவதாஸ்' முதல் எத்தனையோ குடிகாரக் காதலர்கள். பழைய நாயகன் தன்னைத்தான் அழித்துக்கொண்டான், அவளைத் திட்டவில்லை என்று இப்போது ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அந்த ஏக்கத்தையும் நான் நம்புவதில்லை. தேவதாஸ் பார்வதியின் நெற்றியில் அடித்துத் தழும்பு போட்டுவிட்டுத்தான் குடிக்கப் போனான். தழும்பு கதையில் ஒரு ஓரம், அவன் இருமல்தான் கதை.

இது தமிழ் நோயும் அல்ல. 'தி போலீஸ்' குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' 1983இல் வந்தது. ஸ்டிங் தன் மணவாழ்க்கை முறிந்த காலத்தில், ஜமைக்காவில், நள்ளிரவில் எழுந்து அரை மணி நேரத்தில் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். அங்கும் பாட்டு சட்டென்று பிறந்ததுதான் பெருமை. விலகிப் போனவளின் ஒவ்வொரு அசைவையும் கண்காணிப்பேன் என்கிற அந்தப் பாட்டைக் கல்யாணங்களில் காதல் பாட்டு என்று போடுகிறார்கள். அது காதல் பாட்டு இல்லை, கொடூரமானது என்று எழுதியவரே பின்னால் சொன்னார். கேட்டவர்கள் கேட்கவில்லை. ஆண் புலம்பினால் அது காதல் என்று நம் காதுகள் எல்லா ஊரிலும் பழகியிருக்கின்றன.

பெண் இயக்குநர் கேட்டு வாங்கிய பாட்டுதானே என்பார்கள். உண்மைதான். சந்தையில் விற்பதைக் கேட்டு வாங்கினார். இயக்குநர் நாற்காலியில் பெண் உட்கார்வது அவசியம். உட்கார்ந்தவுடன் சந்தை மாறிவிடும் என்பது நம் ஆசை மட்டுமே. அந்த வீடியோவைப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ஒருவர் இயக்குநர், ஒருவர் கதாநாயகி. பாட்டு முழுக்க ஒரு பெண்ணைப் பற்றி. பாடும் வாய் மட்டும் ஆணுடையது.

பெண்கள் பாடியபோது எப்படி இருந்தது என்பதும் நமக்குத் தெரியும். வெள்ளிவீதியார் பிரிவின் வலியைச் சங்கப் பாட்டில் எழுதினார். கணவனைத் தேடி அவர் அலைந்ததை ஔவையார் அகநானூற்றில் நினைவுகூர்கிறார். அதே ஔவையாரின் குறுந்தொகைப் பெண்ணுக்கு வெறியே பிடிக்கிறது. ஆனால் அது தன் வேதனை தெரியாமல் தூங்கும் ஊரின்மேல் வருகிற வெறி. அவனைக் கருப்பு மனசுக்காரன் என்று சொல்லிவிட்டு அவள் ஓய்ந்துவிடவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் இழவு வீட்டில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியையும் கேட்டிருப்பீர்கள். செத்தவனுக்காக அழுகிற சாக்கில் காடு பிரித்துக் கொடுக்காத கொழுந்தனும், சீர் செய்யாத அண்ணனும், சோறு போடாத மாமியாரும் வரிசையாக வந்துவிடுவார்கள். அந்தப் பாட்டில் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். அதனால்தான் அதை யாரும் கல்யாண மண்டபத்தில் போடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் படிக்க வரும் கல்லூரிப் பெண்களிடம் ஒருமுறை ஒரு வேலை கொடுத்தேன். கொலவெறிப் பாட்டில் வரும் பெண் பதில் சொன்னால் என்ன சொல்வாள், ஆறு நிமிடத்தில் எழுதுங்கள் என்றேன். ஒருத்தி பஸ் நேரத்திலிருந்து தொடங்கினாள். ஒருத்தி தன் அண்ணனின் பெயரை எழுதி அடித்துவிட்டாள். ஒருத்தி 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒரே வரி எழுதிவிட்டு, இது போதுமா அக்கா என்று கேட்டாள். போதும் என்றேன். மற்றவர்கள் யாரும் ஆறு நிமிடத்தில் முடிக்கவில்லை. மணி பத்தாகிவிட்டது, எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பாட்டைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. தடை செய்தால் அதற்கும் ஒரு வீரக்கதை கிளம்பும். நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் வகுப்பில், விடுதியில், பஸ்ஸில் அடுத்த சூப் பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: அந்தப் பொண்ணு ஏன் போச்சு? பாடுகிறவனிடமும் கேளுங்கள். சும்மா விளையாட்டு என்பான், யோசிக்காமல் வந்தது என்பான். சரி, இப்போது யோசி என்று சொல்லுங்கள்.